நாலு வரிசைக்கு மருந்து, நாலு வரிசை சும்மா

பதினேழு ஆண்டுகளாகப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். எந்தக் கூற்றையும் ஏற்பதற்கு முன்னால் அளந்து பார்க்க வேண்டும் என்று பதினொன்றாம் வகுப்பின் முதல் நாளிலேயே சொல்லித் தொடங்குகிறவள் நான். அப்படிப்பட்ட என்னால், என்னைப் பெற்ற அப்பாவை ஒரு பொட்டலப் பொடியிலிருந்து மீட்டெடுக்க ஆறு மாதம் முடியவில்லை. அந்த ஆறு மாதத்தில் அவருடைய வலது காலில் ஒரு விரல் போயிற்று. வீட்டுப் பணம் ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் அளவுக்குப் போயிற்று. அவருக்கும் எனக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று மாதம் பேச்சே இல்லாமல் போயிற்று. அப்போது யாராவது என்னிடம், ‘நீ பேசுவது சரி, ஆனால் பேசுகிற விதம் தவறு’ என்று சொல்லியிருந்தால் விரலாவது மிஞ்சியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

உசிலம்பட்டிக்குத் தெற்கே எங்கள் ஊர். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மல்லிகைத் தோட்டம். விடியும் முன் மொட்டுப் பறித்து, மூட்டை கட்டி, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் உள்ள கமிஷன் கடைக்கு அனுப்புவது முப்பது ஆண்டுப் பழக்கம். ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ போனது, என்ன விலைக்குப் போனது, பறிகூலி எவ்வளவு என்பதை நீள நோட்டில் எழுதி வைப்பார். அந்த நோட்டு பின்னால் வரும், அதனால் இங்கேயே சொல்லி வைக்கிறேன். அவருக்குச் சர்க்கரை நோய் வந்து அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பக்கத்து அரசு மருத்துவமனையில் மாதந்தோறும் இலவசமாகக் கொடுக்கும் மாத்திரைகளை ஓரளவு ஒழுங்காகவே சாப்பிட்டு வந்தார்.

2022 பிப்ரவரியில் சித்தப்பா ஒருவர் (அவருக்கும் சர்க்கரை உண்டு) அப்பாவை வாடகைக் காரில் ஒரு வைத்தியரிடம் அழைத்துப் போனார். ஊரையும் பெயரையும் சொல்லப்போவதில்லை. அவர் பதிவு பெற்ற சித்த மருத்துவர் அல்லர் என்பதை மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முறையாகப் படித்த சித்த மருத்துவர்களோடு அவரைச் சேர்த்துப் பேசினால் அது அநியாயம். மூன்று மண்டலம் பொடி சாப்பிட்டால் சர்க்கரை வேரோடு போய்விடும், மாத்திரைகளை அன்றே நிறுத்திவிட வேண்டும் என்பது அவர் வாக்கு. ஒரு மண்டலம் என்பது 48 நாள். அதற்குப் பொடி விலை 6,500 ரூபாய். சீட்டோ பெயரோ ஒட்டாத பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுத்தார். ரசீது கிடையாது.

செய்தி தெரிந்த அன்றே நான் ஊருக்குப் போனேன். கையில் இணையத்திலிருந்து எடுத்த பதினான்கு பக்க அச்சுப் பிரதி. திண்ணையில் சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர், அம்மா எல்லாரும் இருந்தார்கள். எல்லார் முன்னிலையிலும், ஏமாற்றுக்காரனிடம் போய் ஏமாந்திருக்கிறீர்கள் என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னேன். சித்தப்பாவையும் விடவில்லை. அப்பா அச்சுப் பிரதியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஒம் படிப்பு ஒன்னோட இருக்கட்டும் தாயி, எங்களுக்கும் நல்லது கெட்டது தெரியும்” என்றார். அன்றைக்கு நான் செய்த தவறு எது என்பது புரியப் பல மாதங்கள் ஆயின. நாலு பேர் நடுவில் ஒருவரை ஏமாளி என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அவர் காப்பாற்ற வேண்டியது உடம்பை அல்ல, மானத்தை. பொடி பலிக்கவில்லை என்று ஒப்புக்கொள்வது, தான் ஏமாளி என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். அந்தக் கதவை நானே வெளியிலிருந்து பூட்டிவிட்டேன். இப்படியொரு நிலையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் விஷயம் இதுதான்: தனியாகப் பேசுங்கள், அழைத்துப் போனவரைத் திட்டாதீர்கள், முதல் நாளில் முடிவுக்கு வரப் பார்க்காதீர்கள்.

அந்த வைத்தியரிடம் அப்படி என்ன கண்டார் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்; கேட்கவில்லை. பின்னால் அம்மாதான் சொன்னார்கள். மாதந்தோறும் மாத்திரை வாங்கப் போனால் வரிசையில் ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும்; உள்ளே ஒன்றரை நிமிடம்; ‘கட்டுப்பாடா இருங்க’ என்பதோடு சரி. இந்த வைத்தியரோ கையைப் பிடித்து நாடி பார்த்தார், முக்கால் மணி நேரம் பேசினார், மல்லிகைக்கு இந்த ஆண்டு விலை எப்படி என்று விசாரித்தார், அம்மாவின் முழங்கால் வலியைக்கூடக் கேட்டார். அப்பா நம்பியது பொடியை அல்ல, அந்த முக்கால் மணி நேரத்தை. அதற்கு ஈடாக நான் வைத்ததோ பதினான்கு பக்கத் தாள்.

முதல் மண்டலத்தில் எனக்குப் பெரிய அடி விழுந்தது. பொடி தொடங்குமுன் வெறும் வயிற்றில் 196 இருந்த சர்க்கரை, மார்ச் நடுவில் 138 என்று வந்தது. சித்தப்பா அந்த ஆய்வகச் சீட்டைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டு, ‘இயற்பியல் டீச்சர் கவனத்துக்கு’ என்று எழுதினார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆய்வகம் தப்பாகப் பார்த்திருக்கும் என்று ஏதோ எழுதி மேலும் அசிங்கப்பட்டேன். ஆய்வகம் தப்பாகப் பார்க்கவில்லை. நடந்தது வேறு. பொடியோடு சேர்த்து வைத்தியர் பத்தியம் சொல்லியிருந்தார்: சர்க்கரை போட்ட டீ கூடாது, இரவில் சோறு கூடாது, கிழங்கு கூடாது, காலையில் கோயில்வரை நடந்து போய் வர வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிக்கிறவர், இரவில் இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுகிறவர், பத்தியத்துக்குக் கட்டுப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தியிருந்தார். மருத்துவமனையில் ஒன்பது ஆண்டாகச் சொன்ன அதே கட்டுப்பாடுதான். ‘டயட்’ என்றபோது கேட்காதவர் ‘பத்தியம்’ என்றதும் கேட்டார். மாத்திரையை விட்டும் சர்க்கரை இறங்கியதற்கு அதுவே போதுமான காரணமாக இருந்திருக்கலாம். பொடிக்குள் வேறு ஏதேனும் கலந்திருந்ததா என்பது தனிக் கேள்வி. மூலிகை என்று விற்கிற பொடிகளில் ஆங்கில மருந்துச் சர்க்கரை மாத்திரையையே பொடித்துக் கலந்து விற்றுப் பிடிபட்டவர்கள் நாட்டில் உண்டு.

இந்த இடத்தில் செய்திருக்க வேண்டியது ஒன்று இருந்தது. பொடி தொடங்கும் நாளிலேயே, சண்டை போடாமல், ‘சரிப்பா, எத்தனை நாளில் எவ்வளவு குறைந்தால் பலித்தது என்று வைத்துக்கொள்ளலாம்? குறையாவிட்டால் எந்தத் தேதியில் நிறுத்தலாம்?’ என்று கேட்டு, அவர் வாயாலேயே ஓர் எண்ணையும் ஒரு தேதியையும் சொல்லச் செய்து, சுவர்க் காலண்டரில் எழுதி வைத்திருக்க வேண்டும். அதுவரை பழைய மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவதில்லை என்று ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் நம்பாமல் ஹெச்பிஏ1சி பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். இரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உயிரோடு இருப்பதால், அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரி தெரியும். இரண்டு நாள் பட்டினி கிடந்து வெறும் வயிற்று எண்ணைக் குறைத்துக் காட்டலாம். ஹெச்பிஏ1சியிடம் அந்த வித்தை செல்லாது.

சித்திரை வந்தது. இரண்டாண்டு கொரோனாத் தடைக்குப் பிறகு அந்த ஆண்டுதான் அழகர் ஆற்றில் இறங்குவதைச் சனங்கள் கூடி நின்று பார்த்தார்கள். விருந்தாளிகள், கிடா வெட்டு, மொய் விருந்து என்று ஊரே சாப்பாட்டில் இருந்தது. பத்தியம் சித்திரையோடு கரைந்துவிட்டது. பொடி மட்டும் நிற்கவில்லை. நானும் அப்பாவும் பேசாமலிருந்த காலம் அது. நான் திருமங்கலத்தில் என் வீட்டில் இருந்துகொண்டு, ‘பட்டால்தான் தெரியும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதை எழுதும்போது இப்போது கூசுகிறது. பட்டது அவர் அல்லவா?

மே மாதத்தில் அப்பாவுக்கு அடிக்கடி சிறுநீர், தாகம், எடை குறைவு எல்லாம் தொடங்கியிருக்கின்றன. வைத்தியரிடம் தொலைபேசியில் கேட்டதற்கு, ‘மருந்து வேலை செய்யும்போது சர்க்கரை ஏறித்தான் இறங்கும், நோய் வெளியேறுகிறது, இப்போது டெஸ்ட் எடுக்காதீர்கள், மனசுதான் கெடும்’ என்று பதில் வந்திருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை எல்லாரும் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். சர்க்கரை இறங்கினால் மருந்து பலிக்கிறது. ஏறினாலும் மருந்து பலிக்கிறது. அப்படியென்றால் மருந்து பலிக்கவில்லை என்பதற்கு எது அடையாளம்? எதுவுமே அடையாளமாக இருக்க முடியாத பேச்சை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. அளக்காதே என்று யார் சொன்னாலும், அவர் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தாலும் காவி கட்டியிருந்தாலும், அங்கிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். மூன்று மண்டலம் முடிந்த பிறகு, ‘மிச்சமிருக்கிற வேரை’ எடுக்க லேகியம் ஒன்று 8,000 ரூபாய்க்கு வாங்கினார்கள். பொடிக்கு 19,500, லேகியத்துக்கு 8,000, நான்கு முறை கார் வாடகை 10,000. ஆக 37,500 ரூபாய்.

ஜூலை கடைசியில் ஒரு நாள் காலை, பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அம்மாவிடமிருந்து அழைப்பு. “ஒங்கப்பா நடந்த எடமெல்லாம் சிமெண்டுத் தரையில ஈரமாத் தெரியுதுத்தா. தண்ணி மிதிக்கலைங்கிறாரு. ஒரு காலு மட்டுந்தான் ஈரம்” என்றார்கள். அடுத்த பேருந்தில் போனேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வலது காலைத் தூக்கிப் பார்த்தேன். பெருவிரலுக்கு அடுத்த விரலின் அடியில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு குழி. சுற்றிலும் வெளுத்த தோல். உள்ளே கருப்பாக ஒன்று. சீமைக்கருவேல முள்ளின் ஒடிந்த நுனி அது. வேலி ஓரம் எப்போதோ ஏறியிருக்கிறது. எத்தனை நாளாக வலிக்கிறது என்று கேட்டேன். “வலியே இல்லையேத்தா” என்றார். அந்தப் பதிலைக் கேட்டபோதுதான் எனக்குக் கைகால் உதறியது. சர்க்கரை பல ஆண்டு கூடுதலாக இருந்தால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும் என்று படித்திருந்தேன். முள்ளோடு பல நாள் நடந்த ஒரு மனிதர் வலியே இல்லை என்று சொல்லிச் சிரிப்பதைப் பார்ப்பது வேறு.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். சர்க்கரை 412, ஹெச்பிஏ1சி 12.3. எலும்புவரை சீழ் போயிருந்ததால் நான்காம் நாள் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் பத்து நாள் தள்ளி வந்திருந்தால் விரலோடு நின்றிருக்காது என்றார்கள். பதினொரு நாள் இருந்தோம். 1,36,000 ரூபாய் ஆயிற்று. என்னுடைய ஐந்து பவுன் சங்கிலியை அடகு வைத்தேன்; திருப்ப இருபது மாதம் பிடித்தது. மூன்று வாரம் ஊதியமில்லா விடுப்பு. பதற்றத்தில் காப்பீட்டு அட்டை பற்றிய நினைப்பே வரவில்லை; சேர்க்கும் நேரத்திலேயே காப்பீட்டுப் பிரிவு எங்கே என்று கேட்டுவிடுங்கள், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் இரவு படுக்கப் போகும் முன் அவருடைய உள்ளங்காலையும் விரலிடுக்கையும் ஒருவர் பார்க்க வேண்டும். தனியாக இருப்பவர் தரையில் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். தோட்டத்துக்குள்ளும் செருப்பு வேண்டும். வெந்நீர்ச் சூட்டைக் காலால் பார்க்கக் கூடாது, முழங்கையால் பார்க்க வேண்டும்.

விரல் போனதும் அப்பா மனம் மாறிவிட்டார் என்று யாரேனும் நினைத்தால் அது தவறு. நானும் அப்படித்தான் நினைத்தேன். மருத்துவமனைப் படுக்கையிலேயே, ‘ஒன்பது வருசம் இங்கிலீஷ் மாத்திரை தின்ன வினை இது’ என்றார். இன்சுலின் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊசி போடத் தொடங்கிவிட்டால் ஆயுசுக்கும் ஊசிதான், இன்சுலின் என்றால் கடைசிக் கட்டம் என்பது எங்கள் பக்கத்தில் பலருடைய நம்பிக்கை. புண் ஆறும்வரை மட்டும் என்று மருத்துவர் சொன்னதால் அரை மனத்தோடு கையை நீட்டினார். துன்பம் யாருக்கும் தானாக அறிவைக் கொடுத்துவிடாது. பட்டவர் தனக்குத் தெரிந்த கதையிலேயே அதையும் சேர்த்துக்கொள்வார்.

இனி நடந்தது தற்செயல். வீட்டுக்கு வந்த பிறகு, கால் ஊன்றக் கூடாது என்பதால் தோட்டத்துக் கணக்கை நான் எழுத வேண்டியிருந்தது. அப்பா கட்டிலில் இருந்தபடி சொல்வார், நான் நோட்டில் எழுதுவேன். ஒரு மாலை பழைய பக்கங்களைப் புரட்டியபோது முந்திய ஆண்டுக் கணக்கில் ஒரு வரி கண்ணில் பட்டது: ‘கிழக்கே 4 வரிசை புது மருந்து. மேற்கே 4 வரிசை சும்மா.’ அதற்குக் கீழே இருபது நாளுக்கு இரண்டு பத்தியாகக் கிலோக் கணக்கு. என்ன இது என்று கேட்டேன். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மொட்டுப்புழுவுக்கு ஒரு புது மருந்து வந்திருப்பதாகவும், அடித்தால் மொட்டு ஒன்றரை மடங்கு வரும் என்றும் கடைக்காரர் சொன்னாராம். ஒன்றரை ஏக்கருக்கும் அடித்திருந்தால் ஏழாயிரம் ரூபாய் ஆகியிருக்கும். அப்பா எட்டு வரிசையில் மட்டும் பார்த்திருக்கிறார். எட்டுக்கும் ஒரே நாளில் கவாத்து, ஒரே அளவு எரு, ஒரே வாய்க்கால் தண்ணீர். “எல்லாம் ஒண்ணாயிருந்தாத்தான மருந்தால வந்துச்சா தண்ணியால வந்துச்சான்னு தெரியும்? அந்த மாசம் மழையும் பேஞ்சது. மேற்குச் செடியிலயும் அதே மாரி மொட்டு. கடைக்காரன்ட்ட நோட்டக் காட்டுனேன், வாயத் தொறக்கல” என்று அரை மணி நேரம் சொல்லிச் சிரித்தார்.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒப்பீட்டுச் சோதனை என்று நான் கரும்பலகையில் எழுதிப் போடுவதை இந்த மனிதர் சேற்றில் நின்று செய்துகொண்டிருக்கிறார். நானோ அவருக்குப் பகுத்தறிவு சொல்லிக்கொடுக்க அச்சுப் பிரதியோடு போனேன். அவரிடம் இல்லாத ஒன்றை அவருக்குள் புகுத்த வேண்டும் என்று எண்ணியதுதான் என் அடிப்படைப் பிழை. பூச்செடிக்குக் கேட்கிற கேள்வியை உடம்புக்குக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்தக் கேள்வியை நினைவுபடுத்துவதற்கு அவருடைய நோட்டே போதுமானதாக இருந்தது.

இந்த முறை குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் வேறு யாரும் இல்லை. “அப்பா, முதல் மண்டலத்துல 138 வந்துச்சுல்ல, அப்ப டீயும் நிறுத்துனீங்க, ராத்திரிச் சோறும் நிறுத்துனீங்க, கோயில்வரைக்கும் நடந்தீங்க, பொடியும் சாப்பிட்டீங்க. இதுல எது குறைச்சதுன்னு எப்படிப்பா கண்டுபிடிக்கிறது?” என்று மட்டும் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. நோட்டை வாங்கி மூடி வைத்தார். நானும் தொடரவில்லை. என் இயல்புக்கு அது எவ்வளவு கடினம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கேள்வியைக் கேட்டுவிட்டு விடையையும் நாமே சொல்லிவிட்டால் அது மறுபடியும் பாடம் நடத்துவதாகிவிடும். மறுநாள் காலை பறிப்பு முடிந்து ஆட்கள் போன பிறகு, “அந்தக் குத்திப் பாக்குற மிசினை எடுத்தா” என்றார்.

அன்றிலிருந்து பூக் கணக்குக்கு எதிர்ப் பக்கத்தில் சர்க்கரைக் கணக்கு ஏறியது. இன்சுலின் அளவு மாறாமல், நாலு இட்லியும் சர்க்கரை போட்ட டீயும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 238. மறுநாள் அதே நாலு இட்லி, சர்க்கரை இல்லாத டீ: 201. ஒரு நாள் போதாது என்று அவரே மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு கேழ்வரகுக் கூழ் ஒரு சொம்பு குடித்துப் பார்த்தார். 226 வந்தது. மிசின் கெட்டுவிட்டது என்றார். நானும் அப்படித்தான் சந்தேகப்பட்டேன், ஏனென்றால் கேழ்வரகு சர்க்கரையை ஏற்றாது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாளும் அதே அளவில் வந்தபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மாவாக அரைத்துக் கரைத்துக் குடித்தால் சிறுதானியமும் வேகமாகத்தான் இரத்தத்தில் ஏறும் என்பதைப் பிறகு மருத்துவர் விளக்கினார். என் நம்பிக்கையும் அந்த நோட்டில் அடிபட்டதைப் பார்த்த பிறகுதான் அப்பாவுக்கு அந்த மிசின்மேல் முழு மரியாதை வந்தது என்பது என் கணிப்பு. அது என் கட்சி இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டில் அளப்பவர்களுக்குச் சில சொற்கள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவி நன்றாகத் துடைத்த பிறகே குத்த வேண்டும். மாம்பழம் உரித்த விரலில் குத்தினால் மாம்பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து வரும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. மிசினில் செருகும் சோதனைப் பட்டைகள் இருக்கும் டப்பாவின் மூடியை உடனே மூட வேண்டும். ஈரம் பட்டால் எண் மாறும். இன்சுலினைக் குளிர்பெட்டியின் கதவுப் பக்கத்தில் வைக்கலாம், உறைபனி அறையில் வைத்தால் கெட்டுவிடும். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடத் தாமதித்தால் சர்க்கரை இறங்கிக் கை நடுக்கமும் வியர்வையும் வரும். 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். அப்பாவுக்கு ஒரு முறை 62 வந்தது. சர்க்கரைக்காரனுக்குச் சர்க்கரையே மருந்து என்பதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

இன்சுலின் பயம் போனது வேறு வழியில். ஒரு நாள் ஊசி போடும்போது, இதை யார் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டார். 1921இல் கனடாவின் டொரான்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் கணையத்திலிருந்து இதைப் பிரித்தெடுக்க முனைந்ததையும், அதற்கு முன் சர்க்கரை வந்த குழந்தைகளைப் பட்டினி போட்டுத்தான் சில மாதம் கூடுதலாக வாழ வைத்தார்கள் என்பதையும் சொன்னேன். 1922 ஜனவரியில் லெனர்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். அது சரியாக வேலை செய்யவில்லை. ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்தது. காலிப் என்பவர் மருந்தை மேலும் சுத்தப்படுத்தினார். பன்னிரண்டு நாள் கழித்துப் போட்டபோதுதான் சர்க்கரை இறங்கியது. அப்பா இடைமறித்து, “மொத ஊசி பலிக்கலைன்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். இத்தனை ஆண்டுகளாக நான் அறிவியலின் வெற்றிகளைத்தான் அடுக்கிக் காட்டியிருக்கிறேன். அவருக்கு நம்பிக்கை கொடுத்தது தோல்வியை எழுதி வைத்த நேர்மை. அதே போல, அவர் வெறுத்த மெட்ஃபார்மின் மாத்திரையின் பூர்விகம் ஐரோப்பாவில் வளரும் ஒரு மூலிகைச் செடி என்று சொன்னபோதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். செடியில் இருந்த சரக்கு சர்க்கரையைக் குறைத்தாலும் நஞ்சாகவும் இருந்ததால், அதே வகையில் நஞ்சு குறைந்த ஒன்றை ஆய்வுக்கூடத்தில் செய்து, 1957இல் பிரான்சில் நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். மூலிகையா அறிவியலா என்று சண்டை கட்ட வேண்டியதே இல்லை. அளந்து பார்த்த மூலிகையா, அளக்காத மூலிகையா என்பதுதான் கேள்வி.

மிச்சமிருந்த பொடியை என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது, நான் வாயைத் திறக்குமுன் அப்பாவே ஒன்று சொன்னார். பூச்சிமருந்து டப்பாவில்கூட உள்ளே என்ன இருக்கிறது, எப்போது செய்தது, எப்போதுவரை அடிக்கலாம் என்று போட்டிருக்கிறது. எவ்வளவு விஷம் என்பதற்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் போட்டிருக்கிறது. செடிக்கு அடிப்பதற்கே அத்தனை இருக்கும்போது வயிற்றுக்குள் போவதற்கு ஒன்றுமே போடாததைத் தின்றிருக்கிறேன் என்றார். பதினான்கு பக்கத்தில் இல்லாத வாதம் அது.

புகார் கொடுக்கவும் முயன்றேன். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. ஆனால் என்னிடம் ரசீது இல்லை, பொட்டலத்தில் பெயர் இல்லை, வாக்குறுதி எல்லாம் வாய்ப்பேச்சு. அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்து விட்டுவிட்டேன். யாரிடம் மருந்து வாங்கினாலும் பில் கேளுங்கள். பில் கொடுக்கத் தயங்குகிறவரிடம் மருந்து வாங்காதீர்கள்.

இப்போது அப்பாவுக்கு ஹெச்பிஏ1சி 7.1. புண் ஆறிய பிறகு இன்சுலினைப் படிப்படியாகக் குறைத்து மருத்துவர் நிறுத்திவிட்டார். ‘ஆயுசுக்கும்’ என்ற பயமும் அதோடு போயிற்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் பெண்ணை உட்கார வைத்து நோட்டைக் காட்டாமல் அப்பா அனுப்புவதில்லை. அவசரத்தில் வந்தாலும் அவரும் நின்று பார்க்கிறார்.

சித்தப்பா இன்னும் பொடிதான் சாப்பிடுகிறார். போன தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். நான் அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. வந்தால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று எனக்கே என்மேல் பயம். அப்பா மிசினையும் நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, ‘சும்மா ஒரு விரலக் குடுடா’ என்று கேட்டார். சித்தப்பா கொடுக்கவில்லை. பேச்சு மாடு, மழை என்று போயிற்று. கிளம்பும் முன்பு நோட்டை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு மூன்று பக்கம் புரட்டினார். என்ன பார்க்கிறாய் என்று அப்பா கேட்டதற்கு, “மார்கழியில பூ என்ன வெலை போச்சுன்னு பாத்தேண்ணே” என்றார். பூ விலை எழுதியிருப்பது இடப் பக்கத்தில். அவர் விரல் வலப் பக்கத்தில் இருந்தது.